அட்சய திருதியையும் அடகுக் கடையும்

மண்டபம் கடற்கரைத் தோழர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல விரும்புகிறோம். கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாதென்பது சர்க்கார் உத்தரவு. மீன் இனம் பெருக வேண்டுமென்பதற்கான உத்தரவு; அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அட்சய திருதியை என்னும் "புண்ணிய நாள்" தவறாமல் இந்த 61 நாளுக்குள்தான் வந்து சேருகிறது. அதாவது, வலை காய்ந்து கிடக்கிற காலத்தில், கடன் வாங்கியாவது ஒரு கிராம் வாங்கு, வாங்கினால் குறையாமல் வளரும் என்கிறார்கள்!

அன்று வாங்கும் தங்கம் வளருமென்பது வாஸ்தவமானால் கடைக்காரர் அன்று ஏன் விற்கிறார்? பூட்டி வைத்து வளர விட வேண்டியதுதானே? செய்கூலி, சேதாரம், வரி என்று நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் அதிகம் கொடுத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் விற்கப் போனால் அந்தப் பதினைந்தைப்பற்றி யாரும் பேச மாட்டார்கள். வளர்ந்தது எது, யாரிடத்தில் என்று யோசித்துப் பாருங்கள்.

லட்சுமி பாற்கடலில் பிறந்தாள் என்று புராணம். 2023 பிப்ரவரியில் மண்டபத்துக் கடலிலும் அவள் கிடந்தாள்; கடத்தல்காரர்கள் ரோந்துப் படகைக் கண்டு வீசியெறிந்த 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கம்! மந்திரம் சொல்லி யாரும் எழுப்பவில்லை. முக்குளிப்போர் இறங்கித்தான் எடுத்தார்கள்.

நிற்க. தங்கத்துக்கு விலையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. 2022-ல் இலங்கை ரூபாய் சரிந்து, பசி தாங்காமல் படகேறி வந்த தமிழர்கள் மண்டபம் முகாமில் சேர்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். காகித நோட்டு கைவிடும் காலத்தில் உலோகம் உதவும். ஆனால் அதுவும் ஒரு சரக்கு. சரக்கென்றால் ஏறும், இறங்கும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் விற்றது, 1999-ல் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. பழைய விலையைப் பார்க்க 2008 ஆயிற்று. நம் நாட்டில் அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியாமற்போனதற்கு ரூபாயும் கூடவே விழுந்ததுதான் காரணமேயொழிய, மகாலட்சுமியின் கடாட்சமல்ல.

சேமிக்க வேண்டுமா? நாணயமாக வாங்குங்கள், கடனில்லாமல் வாங்குங்கள், எந்தச் செவ்வாய் வெள்ளியிலும் வாங்குங்கள். நகையாக வாங்கியது தடைக்காலத்தில் வட்டிக்கடைக்குப் போகிறது. வட்டி கட்ட முடியாமல் அங்கேயே மூழ்கிப் போகிறது. கடலில் மூழ்கியதை எடுக்க ஆள் வந்தது; இதை எடுக்க ஒருவரும் வருவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய மோசடி இனிமேல்தான். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தோம். 60 ஆண்டு கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பிதிரார்ஜித சொத்தில் அதைச் சட்டமாக்கினார்கள். அண்ணன்மார்கள் என்ன செய்கிறார்கள்? "கலியாணத்துக்கு இத்தனை சவரன் போட்டோமே, இன்னும் பங்கு ஏதம்மா?" என்று கேட்டு, விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அந்தச் சவரனோ மாமியார் வீட்டுப் பெட்டியில், சாவி புருஷன் இடுப்பில். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குமுன் தோழியர்கள் அந்தச் சாவியைக் கேட்டுப் பார்க்கட்டும்.