மலையேறி வந்த சுறா

“சுறான்னா புட்டு அவிப்பாங்க. இதை எதுக்குய்யா வளர்க்கணும்?” என்றார் அம்மா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுத்த தலைமுறை. வேறென்ன கேட்பார்!

பிரிஞ்சாங்கில் இருக்கும் அண்ணனின் பத்து வயது மகனுக்கு மீன் பைத்தியம். அவனுடைய நச்சரிப்பு தாங்காமல், ஈப்போவில் ஒரு மீன் கடையில் சுறா முட்டை ஒன்றை வாங்கி வந்துவிட்டார் அண்ணன். கோழி முட்டை மாதிரி இருக்குமோ என்று நினைத்தேன். இல்லை. உள்ளங்கை அகலத்தில், பழுப்பு நிறத் தோல் பை. பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்தால் மஞ்சள் கரு தெரிகிறது. அதோடு ஒட்டியபடி நூல் போல ஒரு வால் துடிக்கிறது!

மூங்கில் சுறா என்ற இனம் அது. மலாயில் ‘யூ சிச்சாக்’, அதாவது பல்லிச் சுறா. நம் நாட்டுக் கடலோரத்திலும் உண்டு. தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு நான்கு மாதம் போலப் பைக்குள்ளேயே தனியாக வளர்ந்து, தானே கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

வெப்பக் கடலின் பிள்ளைக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் என்ன வேலை? லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கடல் உப்பு கலந்து தண்ணீர் தயாரித்தார் அண்ணன். ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் வைத்தார். எல்லாம் சரி, மின்சாரம் இருக்கும் வரை.

நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை இரவு, அடைமழையில் மின்சாரம் போனது. ஒரு மணி, இரண்டு மணி... வெப்பமானி இறங்கிக்கொண்டே வந்தது. வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் தொட்டியைச் சுற்றிக் கட்டினோம். பேட்டரி பம்பு ஒன்று காற்றைத் தந்தது. பையன் தண்ணீருக்குள் கைவிட்டு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். வால் அசையவில்லை. “செத்துப்போச்சா அத்தை?” என்றான். வானொலியில் மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை.

சில நிமிடங்கள் கழித்து வால் மெல்ல ஆடியது.

பிறகுதான் படித்தேன். இந்த இனத்துக் கருவை மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2013-இல் எழுதியிருக்கிறார்கள். எதிரியின் உடலிலிருந்து வரும் மெல்லிய மின்புலத்தை முட்டைக்குள்ளேயே உணர்ந்து, மூச்சசைவைக்கூட நிறுத்திவிட்டுச் சிலையாகிவிடுமாம். அன்று அது உறைந்தது குளிராலா, எங்கள் கையாலா? தெரியாது. ஆனால் மூச்சை அடக்கியது அது மட்டுமல்ல.

ஐந்து வாரம் கழித்துக் குஞ்சு வந்தது. ஒரு சாண் நீளம், கருப்புப் பட்டைகள். ஒரு வாரம் எதையும் தொடவில்லை. வயிற்றில் மிச்சக் கரு இருக்கும்வரை அதுதான் சாப்பாடு. எட்டாம் நாள் கணவாய்த் துண்டைக் கவ்வியதும் பையன் போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இப்போது அதற்கு 34 சென்டிமீட்டர். வளர்ந்தால் மூன்றடியைத் தாண்டும், இருபது ஆண்டுகூட வாழும் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. “கடலில் விட்டுடலாமா?” என்றான் பையன். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் 2023 முதல் வரிக்குதிரைச் சுறாக்களை அப்படி விடுகிறார்கள்தான். ஆனால் அங்கே பெற்றோரின் மரபணுவைச் சோதித்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் விடுகிறார்கள். நம் குஞ்சின் தாய் எந்தக் கடலோ, யாருக்குத் தெரியும்?

அதனால் அது எங்கும் போகவில்லை. வரவேற்பறையில் சோபாவை எடுத்துவிட்டுப் பெரிய தொட்டி வைக்க அண்ணன் அளவெடுத்திருக்கிறார். செலவைக் கேட்டு அண்ணி இன்னும் பேசவில்லை.

போன வாரம் போனபோது சமையலறையில் அம்மா கணவாயைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தார். “சம்பலா அம்மா?” என்றேன்.

“நமக்கில்லடி. அது பசியோட பார்க்குது.”