பொருளும் அதன் தொடரும்

கொடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியையும் தூண் பாறைகளையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அதே பழனி மலைத் தொடரில், தாண்டிக்குடி முதலிய ஊர்களில், நம் முன்னோர் எழுப்பிய கற்திட்டைகள் நிற்பதை அறிந்தோர் சிலரே. அவற்றைச் செண்பகனூர் இயேசு சபைத் துறவியர் ஆங்லாட், நியூட்டன் ஆகிய இருவரும் ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அண்மையில் நம் மாணவர் ஒருவர் கைபேசியைக் காட்டி, "பழனி மலைக் கற்திட்டை மணிகள் இணையத்தில் விலைக்கு வந்துள்ளன. வாங்கலாமா ஐயா?" என வினவினார். படத்தில் மணிகள் அழகாகவே இருந்தன. எவ்வூரில், எவரால், எப்போது எடுக்கப்பட்டன என்னும் செய்தி மட்டும் இல்லை.

நபிமொழி ஒன்றை ஏற்குமுன் நம் இமாம்கள் அதன் வாசகத்தை மட்டும் நோக்கவில்லை. அறிவித்தோரின் தொடரையும் ஆராய்ந்தனர். 'இஸ்னாத்' எனும் அத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஐயம் எழும். தொல்பொருளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பதே நம் கருத்து.

தொடரையே புனைந்துரைப்போரும் உளர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர் திருமேனியை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுச் சென்றதாகப் பொய்ப் பத்திரங்கள் காட்டப்பட்டிருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய நிழற்படங்கள் உண்மையை உரைத்தன; 2014இல் சிலை தாயகம் திரும்பியது. பெரும் கலைக்கூடமே ஏமாந்ததெனில், கைபேசிப் படத்தை நம்பி வாங்கும் நம் நிலை என்னாகும்?

மாணவருக்கு நாம் கூறியது இதுவே: மணி போலியாயின் உம் பணம் பாழ். உண்மையாயின் இழப்பு அதனினும் பெரிது. யாரோ ஒரு கற்திட்டையைச் சிதைத்திருக்கக்கூடும். மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருளை வணிகம் செய்ய உரிமம் வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். விற்பவரிடம் கிடைத்த இடத்தையும், கைமாறிய வரலாற்றையும், உரிமத்தையும் கேளுங்கள். விடை தராதவரிடம் வாங்காதீர்கள்.

இடம் அறியாத மணி வெறும் கல்லே. இடம் அறிந்த மணியோ வரலாறு பேசும். வாங்கி வைக்கும் ஆசையை விடுத்து, செண்பகனூர் அருங்காட்சியகத்திற்கும் தாண்டிக்குடிக்கும் நம் மாணவர் ஒருமுறை சென்று வரட்டும். கண்ணால் கண்டவர் கற்திட்டையைக் காப்பர். காப்பதே நம் கடன்.