ஹீட்டர் கம்பியும் ஓம் கணக்கும்



ரமளான் மாதத்தில் ஒரு நாள் சஹர் நேரம். என் லாத்தா வீட்டில் தங்கியிருந்தேன். ஒளுச் செய்வதற்காக வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பி போடப்பட்டிருந்தது. அதே எக்ஸ்டென்ஷன் பலகையில் மச்சானின் சட்டைக்காக இஸ்திரிப் பெட்டியும் செருகப்பட்டிருந்தது. சற்று நேரத்தில் கருகல் வாடை. ஓடிச் சென்று மெயினை அணைத்துப் பார்த்தால், பலகையின் பிளக் இளகி அதன் முட்கள் கறுத்திருந்தன. அல்லாஹ்வின் கிருபையால் வேறு சேதமில்லை. "போலிச் சரக்கு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்றார் மச்சான். பலகையைத் திருப்பிக் காட்டினேன். முதுகில் '6 ஆம்பியர்' என்று தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது.

அந்த எண்ணைப் புரிந்துகொள்ள ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும்.

மின்சாரத்தைத் தள்ளும் விசை மின்னழுத்தம். அதனை வோல்ட்டில் அளப்பர். ஓடும் அளவு மின்னோட்டம், அது ஆம்பியரில். ஓட்டத்தை எதிர்ப்பது மின்தடை; அது ஓமில். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் வாட் கணக்கில் மின்திறன் கிடைக்கும். முதல் விதியை 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஆசிரியர். சொந்த நாட்டில் உடனடி மதிப்புக் கிட்டவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது.

இப்போது லாத்தா வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட். ஹீட்டர் கம்பி 1500 வாட். 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.52 ஆம்பியர். அதாவது, அக்கம்பி தனியாகவே 6 ஆம்பியர் பலகையின் வரம்பைத் தாண்டிவிட்டது! இஸ்திரிப் பெட்டி 1000 வாட், அது 4.35 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 10.87.

'அப்படியானால் மெயின் பலகையிலுள்ள சுவிட்ச் தானாக விழுந்திருக்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சுவிட்ச் 16 ஆம்பியருக்கு உரியது. அது சுவருக்குள் செல்லும் வயரைக் காக்கவே அமைந்தது. உங்கள் எக்ஸ்டென்ஷன் பலகையை அது அறியாது.

ஏன் பிளக் மட்டும் உருகியது? சாக்கெட்டுக்குள் முள் தளர்ந்திருந்தால் அவ்விடத்தில் ஒரு சிறு தடை உண்டாகும். அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். அங்கு எழும் வெப்பம், ஓட்டத்தை அதே ஓட்டத்தால் பெருக்கி, மீண்டும் தடையால் பெருக்கக் கிடைக்கும். ஹீட்டர் மட்டும் ஓடினால் அது 21 வாட். இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் 59 வாட். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் கோல்களில் பல 25 வாட்தான். அதனினும் இரு மடங்கு வெப்பம் ஒரு சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள்! ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு சந்தேகம். 'லோ வோல்டேஜ்' நேரத்தில் ஹீட்டர் போட்டால் கட்டணம் குறையுமா என்று சகோதரிகள் சிலர் கேட்பதுண்டு. 230ஐ 6.52ஆல் வகுத்தால் கம்பியின் தடை சுமார் 35.3 ஓம். அழுத்தம் 180க்கு இறங்கினால் ஓட்டம் 5.1 ஆம்பியர், திறன் சுமார் 920 வாட். அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய, திறன் ஐந்தில் இரு பங்கு குறைந்துவிட்டது. 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 12 நிமிடம் போதும் என்றிருந்தது 19 நிமிடமாகிறது. யூனிட் ஏறத்தாழ அதேதான்; வீணாவது சஹருடைய நேரம்.

இக்கணக்கைக் குளிர்சாதனப் பெட்டிக்கும் நீர் ஏற்றும் மோட்டாருக்கும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். அழுத்தம் குறைந்தால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகக்கூடும். வெப்பம் தரும் கருவிகளுக்கே மேற்கண்ட எளிய கணக்கு.

கடைசியாக, மிக முக்கியமானது. நனைந்த உடலின் தடை சுமார் 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிர்காக்கும் கசிவுத் தடுப்புச் சுவிட்சுகள் வீடுகளில் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி வைக்கப்படுகின்றன. ஏனென்பது இப்போது விளங்கும். சூடு பார்க்க வாளியில் விரல் விடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

லாத்தா வீட்டுக் குளியலறைக்கு வெளியே இப்போது தடித்த வயருடன் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று தனியாக இருக்கிறது. கறுத்துப்போன பழைய பிளக்கை மச்சான் எறியவில்லை. எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.