கன்ட்ரோல்+ஷிஃப்ட்+5: எட்டுப் பங்காளிக்கு 104% வந்தது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீடு, அதற்கு எட்டுப் பங்காளிகள். ஓடு மாற்றவும் ஒழுகும் இடங்களைச் சரிசெய்யவும் 4 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் ஒருவர் எக்செல்லில் கணக்குப் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 13% என்று இருக்கிறது. அடியில் மொத்தம் 100%. அஞ்சு நிமிஷத்தில் பெரியப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "எட்டுப் பதிமூணு நூத்தி நாலு தம்பி. அந்த நாலு யாருக்குப் போகுது?"

பெரியப்பா கேட்டது நியாயம். ஆனால் தம்பி போட்ட கணக்கும் தப்பில்லை. பிறகு எங்கேதான் தப்பு?

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+5 என்ற ஷார்ட்கட்டில். எண்ணைச் சதவீதமாகக் காட்ட எக்செல்லில் இதைத்தான் அழுத்துவார்கள். விசைப்பலகையில் 5-க்கு மேலே % குறி இருப்பதால் இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். "30 விநாடியில் எக்செல்" மாதிரி ரீல்ஸ்களில் தவறாமல் வரும் ஐட்டம் இது. ரீல்ஸில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. எக்செல்லில் இந்த ஷார்ட்கட் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு இலக்கத்தைக்கூடக் காட்டாது. எட்டில் ஒரு பங்கு என்பது 0.125, அதாவது 12.5%. ஷார்ட்கட்டை அழுத்தியதும் அது 13% ஆகத் தெரிகிறது. செல்லுக்குள் 0.125 அப்படியேதான் இருக்கிறது, அதனால் கூட்டல் சரியாக 100% வருகிறது. எண் மாறவில்லை, சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

பங்காளிகள் பதினாறு பேராக இருந்தால் கதை தலைகீழ். ஆளுக்கு 6.25%, திரையில் 6%. பதினாறு ஆறு 96. இப்போது நாலு சதவீதம் காணாமல் போய்விட்டது!

"உள்ளே சரியாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். ஷீட்டைத் தயாரித்தவருக்கு அது போதும். செல்லைக் கிளிக் செய்து பார்க்க அவரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. பெரியப்பா கையில் இருப்பது ஸ்கிரீன்ஷாட். அதில் எதைத் தட்டினாலும் 0.125 வெளியே வராது. பிடிஎஃப்-பும் பிரின்ட்-அவுட்டும் அப்படித்தான். அவர் 4 லட்சத்துக்கு 13% போட்டு 52,000 ரூபாய் அனுப்புவார், உண்மையில் தர வேண்டியது 50,000. எட்டுப் பேரும் அப்படியே அனுப்பினால் 16,000 ரூபாய் கூடுதலாக வந்து நிற்கும். அதற்கு அப்புறம் அந்தக் குழுவில் ஓடு பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இது வெறும் அழகு விஷயம் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் அதுதான். கணக்குப் போட்டவர் ஒரு எண்ணைப் பார்க்கிறார், பணம் தருபவர் வேறொரு எண்ணைப் பார்க்கிறார்.

கால் வட்டி என்றால் வட்டியே இல்லையா?

இந்த வட்டாரத்தில் இதைச் சொல்வதற்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. இங்கே வட்டி என்றால் இன்றைக்கும் நூற்றுக்கு, மாதத்துக்கு. "ஒன்றரை வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் இதே அளவில்தான் ரூபாய், அணாக் கணக்கில் வட்டி பேசினார்கள். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அவர்களுடைய கணக்கு முறையை விரிவாகப் பதிவு செய்தது. 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. பேரேடும் ஐந்தொகையும் வீட்டுப் பேச்சாக இருந்த ஊர் இது.

அந்தப் பேரேட்டில் ஒரு வட்டியை எடுத்து எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு மாதம் பன்னிரண்டு அணா. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் இது முக்கால் வட்டி, 0.75%. வருடத்துக்கு 9%. ஷார்ட்கட்டை அழுத்தினால் எக்செல் காட்டுவது 1%. அதை நம்பி ஒருவர் பன்னிரண்டால் பெருக்கினால் 12% வரும். ஒரு லட்சம் கடனுக்கு வருடத்தில் 3,000 ரூபாய் வித்தியாசம். அரை வட்டியும் 1%, முக்கால் வட்டியும் 1%. கால் வட்டி என்றால் 0%, வட்டியே கிடையாது என்கிறது எக்செல். அப்படி ஒரு கடன் கிடைத்தால் யாருக்கும் கசக்காது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நகைக் கடனுக்கு இரண்டு இடங்களில் விசாரித்து ஒரு ஷீட்டில் ஒப்பிடும் இளைஞருக்கு இது சிரிப்பில்லை. ஓரிடத்தில் மாதம் 1%, இன்னொரு இடத்தில் 1.25% என்றால், அவருடைய ஷீட்டில் இரண்டுமே 1% என்று நிற்கும். 5 லட்சம் கடனுக்கு மாதம் 5,000-க்கும் 6,250-க்கும் உள்ள வித்தியாசம் அது. வருடத்தில் 15,000 ரூபாய்.

கூகுள் ஷீட்ஸில் இதே கன்ட்ரோல்+ஷிஃப்ட்+5 இரண்டு தசம இலக்கங்களோடு 1.25% என்று காட்டும். லிப்ரே ஆபீஸ் கால்க்கும் அப்படியே. இலவசமாகக் கிடைக்கும் இரண்டும் சரியாகச் செய்வதை, காசு கொடுத்து வாங்கும் எக்செல் செய்யாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை. வட்டி, வரி, பங்கு என்று சதவீதம் புழங்கும் பெரும்பாலான இடங்களில் புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் பணம்.

1200% வந்தால்...

இன்னொரு குழி எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் எல்லாரும் விழுவது. செல்லில் 12 என்று முதலில் எழுதிவிட்டு ஷார்ட்கட்டை அழுத்தினால் 1200% வரும். காரணம் எளிது. நமக்குச் சதவீதம் நூற்றுக்கு இத்தனை, ஷீட்டுக்கு அது ஒன்றுக்கு இத்தனை. அதன் கணக்கில் 1 என்றால் 100%, 12 என்றால் 1200%. இதற்குப் பதற வேண்டாம். 1200% கண்ணில் படும் தப்பு, உடனே கன்ட்ரோல்+இசட் அடித்துவிடலாம். 13% அப்படியில்லை, பார்க்க நல்ல பிள்ளையாக இருக்கும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. காலியான செல்களை முதலில் தேர்ந்தெடுத்து ஷார்ட்கட்டை அழுத்திவிட்டு, பிறகு 12 என்று தட்டினால் 12% என்றே வரும். இல்லையென்றால் ஷார்ட்கட்டே வேண்டாம், புதிய செல்லில் % குறியையும் சேர்த்து 12.5% என்று தட்டிவிடலாம். எக்செல் அதை 12.50% என்று வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு காலம் முழுக்க 12, 18, 24 என்று எழுதி வைத்திருப்பவர்கள் ஒரு காலி செல்லில் 100 என்று எழுதி, அதை காப்பி செய்து, அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'டிவைட்' கொடுத்தால் எல்லாம் ஒரே அடியில் நூறால் வகுபடும். அப்புறம் ஷார்ட்கட்.

தசமம் திரும்ப வேண்டுமா? விண்டோஸ் எக்செல்லில் ஆல்ட், எச், 0 என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டினால் ஒரு இலக்கம் கூடும். இரண்டு தடவை தட்டினால் 1.25% முழுசாகத் தெரியும். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+5 கற்றுத்தரும் எவரும் இந்த ஆல்ட், எச், 0-வையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். தனித்தனியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் இல்லை இவை. (மேக் வைத்திருப்பவர்கள் எக்செல்லிலும் கன்ட்ரோல் விசையையே பிடிக்க வேண்டும். பழக்க தோஷத்தில் கமாண்ட்+ஷிஃப்ட்+5 அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் கருவி திறக்கும்.)

மாதமா, வருடமா?

தசமத்தைச் சரிசெய்தாலும் ஷீட்டால் சொல்ல முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. % குறிக்குக் காலம் தெரியாது. அடகுக் கடையில் "ஒன்றரை" என்றால் மாதம், வங்கியில் "ஒன்பது" என்றால் வருடம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் 1.50%, 9.00% என்று எழுதினால் ஒன்றரைதான் மலிவு என்று கண் சொல்லும். பன்னிரண்டால் பெருக்கினால் அது 18%, வங்கியைப் போல இரண்டு மடங்கு. சில்லறைக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியது இந்தக் குழப்பத்துக்காகவும்தான். வீட்டில் நாம் போடும் ஷீட்டுக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை. தலைப்பில் வெறுமனே "வட்டி" என்று எழுதாமல் "வட்டி, மாதம்" என்று எழுதி, பக்கத்திலேயே "வட்டி, ஆண்டு" என்று இன்னொரு காலம் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சரி, அந்த எட்டுப் பங்காளிகள் விஷயம். அங்கே சதவீதமே தேவையில்லை. தமிழில் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்றும் பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்றும் பெயரே இருக்கிறது. முந்நூற்று இருபதில் ஒன்றான முந்திரி வரைக்கும் நம்மிடம் பெயர் உண்டு. இந்தப் பழைய பின்னக் குறியீடுகள் 2019-ல் வந்த யூனிகோடு 12.0-விலும் ஏறிவிட்டன. பின்னத்தைப் பின்னமாகவே காட்ட எக்செல்லுக்கும் தெரியும். ஆனால் 1/8 என்று அப்படியே தட்டினால் அதைத் தேதி என்று நினைத்து ஆகஸ்ட் 1 ஆக்கிவிடும். முதலில் ஒரு பூஜ்யம், பிறகு ஒரு இடைவெளி, அப்புறம் 1/8 என்று தட்ட வேண்டும். எட்டுப் பெயருக்கு எதிரிலும் 1/8, பக்கத்துக் காலத்தில் 50,000 ரூபாய். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பெரியப்பா அடுத்து கேட்கப்போவது, "சரி தம்பி, ஜிபே நம்பர் அனுப்பு."