இலக்கு முடிந்த பிறகு தெரியவரும் மானியம்

வாழைக்குச் சொட்டுநீர் போட நினைக்கும் விவசாயி தோட்டக்கலைத் துறைக்குப் போக வேண்டும். அதே வயலில் கரும்பு வைத்தால் வேளாண்மைத் துறை. பவர் டில்லர் வேண்டுமென்றால் வேளாண் பொறியியல் துறை. விரிவாக்கப் பணியில் இருக்கும் நமக்கு இந்தப் பங்கீடு பழகிவிட்டது. மனுவோடு வருபவருக்கு மூன்றும் ஒரே அரசாங்கம்தான்.

2018-இல் வந்த உழவன் செயலி மானியத் திட்டங்களைக் காட்டுகிறது. 2022-இல் ஒன்றிய அரசு தொடங்கிய மைஸ்கீம் தளம் வயது, தொழில், மாநிலம் கேட்டுப் பொருத்தமான திட்டங்களைப் பிரித்துத் தருகிறது. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் திட்டம் இருப்பது தெரிந்தால் மட்டும் போதாது. இலக்கு குறைவாக வரும் இனங்களில் முந்தி வந்தவருக்கே மானியம். பிந்தியவருக்கு ‘அடுத்த வருஷம் பாருங்க’ என்ற பதில். பல ஊர்களில் சொட்டுநீர் மானியச் சேதியை முதலில் கொண்டுபோவது கம்பெனி டீலர்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அது அவர் பிழைப்பு. நாம் ஏன் அவருக்குப் பின்னால் போகிறோம்?

சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். இரண்டுக்கும் நடுவே நிற்பது வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று. இலக்கு வந்த பிறகு அதற்கு விண்ணப்பித்தால் சான்று கைக்கு வருவதற்குள் இலக்கு தீர்ந்துபோகலாம். ஆகவே சான்றைப் பற்றிய பேச்சு மார்ச் மாதமே கிராமக் கூட்டங்களில் தொடங்கியாக வேண்டும்.

மானியத் திட்டம் நடத்தப்படும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகள் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வெளியிடும்போது உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இணையத்தில் ஏற்றிய பிடிஎஃப் கோப்போடு நம் கடமை தீர்ந்துவிடாது.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் வாசலில் ஒரு பலகை வைக்கலாம். திட்டங்களின் சுருக்கப் பெயர்கள் வேண்டாம். ‘மோட்டார் வாங்க’, ‘குழாய் பதிக்க’, ‘பண்ணைக்குட்டை வெட்ட’ என்று வேலையை எழுதுங்கள். பக்கத்தில் எந்த அலுவலரைப் பார்ப்பது, என்ன ஆவணம், வந்த இலக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று இருக்கட்டும். மீதியை வாரம் ஒருமுறை சாக்பீஸால் மாற்றினால் போதும். எழுதி வைத்தால் கூட்டம் கூடிவிடும் என்ற தயக்கம் சில அலுவலகங்களில் எழும். கூடட்டும், மனுப் பதிவேட்டில் வரிசை எண் இருக்கிறதே.