சந்தா கட்டிச் சாமான் வாங்கலாமா?

கடையில் வாங்கும் சாமானுக்குக் காசு கொடுப்பது உலக வழக்கம். கடைக்குள் நுழைவதற்கே வருடா வருடம் காசு கட்ட வேண்டும் என்றால்? "இதென்ன சினிமா கொட்டகையா?" என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் கோடிக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கின்றன. காஸ்ட்கோ என்கிற பிரம்மாண்டமான கடையில் உறுப்பினர் அட்டை இல்லாமல் ஒரு மூட்டை அரிசி கூட வாங்க முடியாது. அங்கே போய்க் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கும் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும். அட்டை வாங்கலாமா, வேண்டாமா?

கணக்குப் படித்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை என்று தோன்றும். ஆனால் பெரும்பாலோர் போடும் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

விமானக் கொட்டகையில் பிறந்த வியாபாரம்

1976ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் "பிரைஸ் கிளப்" என்ற கடையைத் திறந்தார் சோல் பிரைஸ். முதலில் அது சிறு வியாபாரிகளுக்கான கடை. கட்டணம் கட்டி உறுப்பினர் ஆனவர்களுக்கு மட்டும் மொத்த விலையில் சரக்கு. அலங்காரம் கிடையாது, பளபளப்பு கிடையாது. பிறகு 1983ல் சியாட்டில் நகரில் ஜிம் சினிகலும் ஜெஃப்ரி பிராட்மனும் காஸ்ட்கோவைத் தொடங்கினார்கள். அதே வருடம் வால்மார்ட்டும் சும்மா இருக்கவில்லை, சாம்ஸ் கிளப்பைத் திறந்தது. 1993ல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாகிவிட்டன.

சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சரக்கு இருக்கும் என்றால், காஸ்ட்கோவில் நாலாயிரத்துக்கும் குறைவு. வகை குறைவு, ஒவ்வொன்றிலும் அளவு அதிகம். அதனால் கொள்முதலில் நன்றாகப் பேரம் பேச முடிகிறது. வாங்கின விலைக்கு மேல் 14, 15 சதவீதத்துக்கு மிகாமல்தான் வைத்து விற்பது என்பது அந்தக் கடையின் கொள்கை.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? 2024 செப்டம்பர் 1ல் முடிந்த நிதியாண்டில் காஸ்ட்கோவின் விற்பனை சுமார் 24,960 கோடி டாலர். செலவெல்லாம் போக, வட்டிக்கும் வரிக்கும் முன்னால் நின்ற லாபம் சுமார் 928 கோடி டாலர். அதே ஆண்டில் உறுப்பினர் கட்டணமாக மட்டும் வந்தது சுமார் 483 கோடி டாலர்! அதாவது லாபத்தில் பாதிக்கு மேல் சந்தாப் பணம். அட்டை விற்க வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே சரக்கு மலிவு.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விலை ஏறினால் அட்டையைப் புதுப்பிக்க ஆள் வராது என்ற பயம் கடைக்கு இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அது நல்லதுதான். திருப்தி இல்லை என்று சொன்னால் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுக்கவும் செய்கிறார்கள்.

பொருளாதாரத்தில் இதற்கு இரட்டைக் கட்டணம் என்று பெயர். உள்ளே வர ஒரு தொகை, பிறகு வாங்குவதற்கு ஒரு விலை. டிஸ்னிலாண்டில் வாசலில் எவ்வளவு வாங்கலாம், ராட்டினத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதை வைத்து வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971லேயே இதைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதிவிட்டார். மளிகைக் கடையும் ராட்டினமும் ஒரே சூத்திரத்தில் ஓடுவது வேடிக்கைதான்.

எல்லோரும் போடும் கணக்கு

காஸ்ட்கோவின் சாதாரண அட்டைக்கு அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 65 டாலர். அதற்கு முன் 60. வெளியே 100 டாலர் ஆகும் சாமான் இங்கே 90 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெளியே 650 டாலர் மதிப்புள்ள சாமானை இங்கே வாங்கினாலே போட்ட 65 டாலர் கைக்கு வந்துவிடும். மாதத்துக்கு வெறும் 54 டாலர் சாமான். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஒரு விஷயமே இல்லை. உடனே அட்டையை வாங்கு!

இந்த இடத்தில்தான் ஓட்டை. அந்த 10 சதவீதம் முழுசாகக் கைக்கு வருகிறதா?

முதலில், எதோடு ஒப்பிடுவது? பக்கத்தில் இருக்கும் விலை கூடின கடையோடு ஒப்பிட்டால் எல்லாமே மலிவாகத்தான் தெரியும். பிரைஸ் கிளப் பிறந்த அதே 1976ல்தான் ஜெர்மனியின் ஆல்டி கடையும் அமெரிக்காவுக்கு வந்தது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. தள்ளுவண்டிக்கு 25 சென்ட் காசு போட வேண்டும், வண்டியைத் திரும்ப விட்டால் அதுவும் கைக்கு வந்துவிடும். கட்டணமே இல்லாத மலிவுக் கடை பக்கத்தில் இருந்தால் ஒப்பிட வேண்டியது அதனோடுதான்.

இரண்டாவது, வீணாவது. பத்து ஆப்பிளை 100க்குப் பதில் 90க்கு வாங்கி, அதில் ஒன்று அழுகினால் மிஞ்சுவது ஒன்பது ஆப்பிள். ஆப்பிள் ஒன்று 10. அதாவது பழைய விலையேதான்! 10 சதவீதச் சேமிப்பு ஒரே ஒரு அழுகல் ஆப்பிளில் காலி. அரிசி, எண்ணெய், சோப்பு இந்தக் கவலைக்கு அப்பாற்பட்டவை. கீரையும் பாலும் ரொட்டியும் அப்படி இல்லை.

மூன்றாவது, போக்குவரத்து. கடை 15 மைல் தள்ளி இருந்தால் போக வர 30 மைல். ஒரு காலனுக்கு 25 மைல் ஓடும் காருக்கு 1.2 காலன் பெட்ரோல். காலன் மூன்றரை டாலர் என்று வைத்தாலும் ஒரு நடைக்கு 4 டாலர் 20 சென்ட். மாதம் இரண்டு நடை என்றால் வருடத்துக்கு 100 டாலர். அட்டைக் கட்டணத்தை விட இது அதிகம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

நாலாவதுதான் பெரிய ஓட்டை. பட்டியலில் இல்லாதது. வாசலிலேயே தொலைக்காட்சிப் பெட்டி வரிசை. 4.99 டாலருக்குச் சுட்ட கோழி இருக்கிறது, ஆனால் அது கடையின் கடைசி மூலையில். கோழியை எடுக்கப் போகிறவர் மொத்தக் கடையையும் கடந்துதான் போக வேண்டும். வழியில் 40 டாலருக்கு ஒரு போர்வை வண்டியில் விழுகிறது. வெளியே 60 டாலர், ஆகவே 20 டாலர் லாபம் என்று மனசு சொல்லும். வீட்டில் போர்வை போதுமான அளவு இருந்தால் அது 20 டாலர் லாபம் இல்லை, 40 டாலர் செலவு.

பெரிய அட்டையின் மாயம்

சாதாரண அட்டைக்கு மேலே எக்ஸிகியூட்டிவ் அட்டை என்று ஒன்று இருக்கிறது. 130 டாலர். வாங்கும் பெரும்பாலான பொருட்களுக்கு 2 சதவீதம் திரும்பக் கிடைக்கும், வருடத்துக்கு 1,250 டாலர் வரை. பெட்ரோலுக்கும் அங்கேயே உள்ள சாப்பாட்டுக் கடைக்கும் இது பொருந்தாது. கூடுதலாகக் கட்டும் 65 டாலர் திரும்பி வர வேண்டுமானால் வருடத்துக்கு 3,250 டாலருக்கு வாங்க வேண்டும். மாதத்துக்கு சுமார் 271 டாலர்.

ஒரு குடும்பம் மாதம் 250 டாலருக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,000 டாலர். திரும்பி வருவது 60 டாலர். ஐந்து டாலர் நட்டம். "அடடா, இன்னும் கொஞ்சம் வாங்கினால் கட்டுப்படியாகிவிடுமே" என்று தோன்றும். அந்த ஐந்து டாலரை மீட்க எவ்வளவு வாங்க வேண்டும் தெரியுமா? இன்னும் 250 டாலருக்கு! ஐந்து டாலரைத் தேடி இருநூற்றைம்பதைத் தொலைக்கிற இந்தக் கணக்கைக் காகிதத்தில் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். கடையில் வண்டியைத் தள்ளும்போது யாரும் சிரிப்பதில்லை.

ஏன் இப்படி? கட்டிய பணம் கட்டியதுதான், அது திரும்பாது, அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று பாடப் புத்தகம் சொல்கிறது. மனசு கேட்பதில்லை. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985ல் வெளியிட்ட ஆய்வில், நாடக சீசன் டிக்கெட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், அதே டிக்கெட் தள்ளுபடியில் கிடைத்தவர்களை விட சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், கொட்டகை ஒன்றுதான். கட்டின பணம் காலைப் பிடித்து இழுத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் இருவரும் 2006ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றியது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் நாலு தடவை சொச்சம்தான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆயிற்று. பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும்!

ஆக, சந்தா கட்டியவர்களில் ஒரு கூட்டம் பணத்தை மீட்கப் போய் அதிகம் செலவழிக்கிறது. இன்னொரு கூட்டம் போகாமலேயே கட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் லாபம் கல்லாப் பெட்டிக்குத்தான்.

யாருக்கு இந்த மலிவு?

இதை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 65 டாலரை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். மூட்டையாக வாங்கக் கையில் ரொக்கம் வேண்டும். ஏற்றி வரக் கார் வேண்டும், வைக்க இடம் வேண்டும். இவ்வளவும் இருப்பவர்களுக்குத்தான் மலிவு விலை. யெஷிம் ஓர்ஹுன், மைக் பலாசோலோ என்ற ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கக் குடும்பங்கள் கழிவறைக் காகிதம் வாங்கும் விதத்தைப் பார்த்தார்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு, தள்ளுபடி வரும்போது வாங்கி வைத்தால் மலிவு. வருமானம் குறைந்த குடும்பங்கள் இரண்டையும் குறைவாகவே செய்ய முடிந்தது, முக்கியமாக மாதத்தில் கை வறண்ட நாட்களில். சிக்கனமாக இருப்பதற்கும் முதல் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு அண்ணாச்சி கடையை இதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே நோட்டில் எழுதிக்கொண்டு முதலில் சாமான் கொடுப்பார்கள், சம்பளம் வந்ததும் பணம். விலை ஒரு ரூபாய் கூட இருக்கலாம். ஆனால் கஷ்டமான மாதத்தில் அடுப்பு எரிந்தது அந்த நோட்டால்தான். அங்கே கடைதான் வாடிக்கையாளரை நம்பி முன்பணம் போட்டது. சந்தாக் கடையில் வாடிக்கையாளர் கடையை நம்பி முன்பணம் போடுகிறார். இந்திய நகரங்களில் வீட்டுக்கே மளிகையும் சாப்பாடும் கொண்டு வரும் ஆப்களும் இப்போது சந்தா கேட்கப் பழகிவிட்டன. "டெலிவரி இலவசம்" என்பதற்காக ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு ஆர்டர் போடுகிறவர் யாரோ, அவருக்கும் மேலே சொன்ன போர்வைக் கணக்கு அப்படியே பொருந்தும்.

அப்படியானால் என்னதான் முடிவு?

அட்டை எல்லோருக்கும் வீண் என்பது இல்லை. பெரிய குடும்பம், கடை பக்கத்தில், வாங்குவது அரிசி, எண்ணெய், டயப்பர் போன்ற கெடாத சாமான், பட்டியலை விட்டு நகராத மனசு. இவை நாலும் இருந்தால் 65 டாலர் நிச்சயம் கட்டுப்படியாகும். அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் ஒற்றை மாணவருக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

முடிவெடுக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அட்டை வாங்கும் முன் கடந்த மூன்று மாத மளிகைப் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சாமான்களை மட்டும், உள்ள அளவில் மட்டும், கட்டணக் கடை விலையோடும் அக்கம்பக்கத்தில் இருப்பதிலேயே மலிவான கடை விலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசத்தை நாலால் பெருக்கினால் ஒரு வருடச் சேமிப்பு. அதில் பெட்ரோலைக் கழியுங்கள், அழுகுவதைக் கழியுங்கள். மிச்சம் கட்டணத்தை விட அதிகமா? தாராளமாகச் சேரலாம். பெரிய அட்டைக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒரு வருடம் சாதாரண அட்டையில் வாங்கிய மொத்தத் தொகை 3,250 டாலரைத் தாண்டியிருந்தால் மட்டும் மாறலாம். தாண்ட வைப்பதற்காக ஒரு டாலர் கூடச் செலவழிக்கக் கூடாது.

புதுப்பிக்கும் நாள் வரும்போது "இதுவரை எவ்வளவு கட்டினோம்" என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த அட்டை இல்லாமல் இருந்திருந்தால் போன வருடம் மொத்தச் செலவு கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? அதற்கான பதில் கடையின் விளம்பரத்தில் கிடைக்காது. வீட்டுப் பில்களில் இருக்கிறது.