கை விடுபட்டாற் போதுமா?

இசைவாணனைப் பற்றிப் பேசுவோர் அவன் குரலைப் புகழ்வர்; விரலைப் புகழ்வர்; மூச்சைப் புகழ்வர். அவன் காலைப் புகழ்வார் அரியர். ஆயினும், இலத்திரனியற் கருவிகளைத் துணைக்கொண்டு மேடையேறும் கலைஞனுக்கு இன்று காலே மூன்றாவது கையாகிவிட்டது. இரு கைகளும் கிற்றாரிலே ஈடுபட்டிருக்கையில் ஒலியின் அளவையும் நிறத்தையும் மாற்றும் பெட்டிகளை ஆள்வது யார்? இவ்வினாவுக்கு விடையாகவே பெடல் எனப்படும் மிதிகளும், வாயில் வைத்து ஊதும் கருவிகளும் தோன்றின. இவை வேண்டுமா, வேண்டாவா என்பதன்று என் கேள்வி. கையை விடுவிக்கும் கருவி, கலைஞனின் கருத்தையும் விடுவிக்கின்றதா என்பதே நான் கேட்க விழைவது.

காலால் இசையை ஆள்வது புதுமையன்று. மேனாட்டுத் தேவாலயங்களிலே ஓகன் வாசிப்போர் பல நூற்றாண்டுகளாகக் காலாலும் சுரங்களை எழுப்பி வருகின்றனர். அம்மரபின் வழித்தோன்றலே ‘வா-வா’ மிதி. 1966 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலே பிரட் பிளங்கெற் என்னும் பொறியியலாளர் அதனை அமைத்தபோது, ஓகனின் ஒலியளவு மிதி ஒன்றின் கூட்டினையே எடுத்தாண்டார். கால் முன்னும் பின்னும் சாய, கிற்றாரின் நாதம், ஒருவர் ‘வா’ என வாய் திறந்து அழைப்பது போலக் குவிந்து விரியும்.

இம்மிதியின் சிறப்பு யாது? தொடர்ச்சியே அதன் சிறப்பு. குதிகால் தாழ்ந்த நிலைக்கும் நுனிக்கால் தாழ்ந்த நிலைக்கும் இடையே எண்ணிறந்த நிலைகள் உள. 1983 இல் இலத்திரனியல் இசைக்கருவிகளுக்கெல்லாம் பொதுமொழியாக ‘மிடி’ என்னும் முறை வகுக்கப்பட்டபோதும், மிதியின் சாய்வு 0 முதல் 127 வரையான எண்களாய் அனுப்பப்பட்டது. வெறும் பொத்தானோ இரண்டு சொற்களையே அறியும்: உண்டு, இல்லை. கமகத்தின் அருமை அறிந்த நமக்கு இவ்வேற்றுமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் பொத்தான் இழிந்ததோ? அன்று. ஸ்கொத்லாந்துப் பாடகி கே. ரி. டன்ஸ்ரல் 2004 ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சியிலே தனியொருவராய்த் தோன்றினார். தாம் எழுப்பிய ஒலிகளைக் காலால் அழுத்தும் கருவியொன்றிற் பதிந்து, அவை சுழன்று ஒலிக்க அவற்றின்மீது பாடினார். அங்கே காலுக்கு வேண்டியது தாளஞானம். அரை அட்சரம் பிந்தி மிதித்தால் அப்பிழை ஒரு முறையோடு ஒழியாது. ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வந்து வாசிப்பவரை நாணச்செய்யும். கனடாவின் ‘றஷ்’ குழுவைச் சேர்ந்த கெடி லீ பாடியவாறே பாஸ் கிற்றாரை வாசித்து, காலால் மூக் நிறுவனத்தின் ‘ரோறஸ்’ மிதிகளில் ஆழ்ந்த சுரங்களையும் எழுப்பினார். இத்தகையோர் காலையும் விரலைப் போலவே பயிற்றியவர்கள்.

ஆனால் நான் காணும் இளைஞர் பலர் பயிற்சியை விட்டுப் பெட்டிகளைச் சேர்க்கின்றனர். காலடியிலே பத்துப் பெட்டிகள். அவற்றில் மின்னும் பத்து விளக்குகள். பாட்டின் நடுவே குனிந்து அவற்றைத் தேடுகையில், பக்கத்தில் மிருதங்கம் வாசிப்பவரின் குறிப்பு அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கை விடுபட்டது, கண்ணும் கருத்தும் சிறைப்பட்டன. இதனை விடுதலை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நம்மவர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. நம் கலைஞர் சம்மணமிட்டு அமர்பவர். ஆர்மோனியத்தின் வரலாறே இதற்குச் சான்று. ஐரோப்பாவிலே காலால் துருத்தியை மிதித்து இரு கைகளாலும் வாசித்த வாத்தியம், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கல்கத்தாவில், தரையில் அமர்வோர்க்கென மாற்றியமைக்கப்பட்டது. கால் செய்த வேலை இடக்கைக்கு வந்தது. சுரங்கள் வலக்கை ஒன்றுக்கே எஞ்சின. மிதியைக் கொண்டுவந்து நம் வித்துவான் முன் வைத்தாற் பயன் என்ன? கருநாடக இசையில் வயலின் வாசிப்பவரின் வலது பாதமோ வாத்தியத்தின் தலையைத் தாங்கும் பணியில் முன்னரே அமர்ந்திருக்கிறது!

ஆகவே, எந்த உறுப்பு ஓய்ந்திருக்கிறது என்பதை முதலில் நோக்க வேண்டும். வீணை வாசிப்பவர்க்கு இரு கைகளும் ஓயா, மூச்சோ ஓய்ந்திருக்கும். 1983 இல் வெளிவந்த யமஹா நிறுவனத்தின் ‘டி.எக்ஸ். 7’ கருவியிலேயே, வாயிற் கௌவிய சிறு ஊதியினால் ஒலியை ஏற்றி இறக்கும் வசதி இருந்தது. அவ்வழி வீணைக்குப் பொருந்தும், குழலுக்குப் பொருந்தாது. ஒருவர்க்கு உகந்தது மற்றொருவர்க்கு உதவாது என்பதை விற்பனையாளர் சொல்லார். ஆசிரியரே சொல்ல வேண்டும்.

இசை கற்பிப்போர்க்கு என் வேண்டுகோள் இதுவே. மாணவனுக்கு ஒரு கருவியை மட்டும் கொடுங்கள். அதனைப் பாராமலே ஆளும்வரை இரண்டாவதைக் கொடாதீர்கள். விரலுக்குச் சரளிவரிசை வைத்தது போலக் காலுக்கும் மூச்சுக்கும் வரிசைகள் வகுத்துப் பயிற்றுங்கள். பொறி, கலைஞனின் உடம்பை அறிந்து அமையட்டும். பொறிக்காகக் கலைஞன் தன் உடம்பைக் கோணலாக்கிக் கொள்ள வேண்டியதில்லை.